டியூப்லைட்டுக்கு வந்த பூச்சியை யாரிடம் காட்டுவது?

உங்கள் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னாலோ குளியலறை மூலையிலோ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சாம்பல் நிறக் கூடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டையாக, நடுவில் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கி இருக்கும். வாருகோலால் தட்டினால் விழும். விழுந்த கொஞ்ச நேரத்தில் தானாக நகரவும் ஆரம்பிக்கும். தமிழ்நாட்டில் இதைப் பார்க்காத வீடு அபூர்வம். அது என்னவென்று கேட்டால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிலந்தி முட்டை என்றார்கள், வெறும் ஒட்டடை என்றார்கள்.

அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. மணலும் தூசியும் நூல்பிசிறும் சேர்த்து, தன் பட்டிழையால் தைத்த பைக்குள் குடியிருக்கிறது. பைக்கு இரண்டு பக்கமும் வாசல். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலையை நீட்டும். பழைய சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி நூல் ஆகியவைதான் சாப்பாடு. ஃபெரியோகா என்பது பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டம். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சிகள் இருக்கிற டினீயிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு இந்தக் குடும்பத்தோடு ஏற்கெனவே பகை உண்டு, பெயர்தான் தெரியாமல் இருந்தது.

இணையத்தில் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில் நான் போட்ட படத்தைப் பார்த்து இதை எனக்குச் சொன்னவர்கள் முகம் தெரியாத இரண்டு பேர். ஒருவர் பேரினத்தைச் சொன்னார். இன்னொருவர், “இதற்கு மேல் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, இங்கேயே நிற்கட்டும்” என்று எழுதினார். அந்த இரண்டாவது பதிலைப் பார்த்த பிறகுதான் இந்த இடத்தில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பூச்சி, பறவை, செடி, சிலந்தி என்று எதையாவது ஆசையாகப் பார்க்கிறவர்கள், அதை நாலு பேரோடு பகிர்ந்துகொள்ள இணையத்தில் எந்த இடத்தில் சேரலாம், எப்படிச் சேரலாம், பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வரலாம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். துணி தைக்கிறவள் எழுதுவது, அதனால் அறிவியல் கொஞ்சம்தான் இருக்கும்.

முதலில் ஆசையைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள்

“எனக்கு இயற்கை பிடிக்கும்” என்று போனால் எந்தக் குழுவிலும் பேச ஒன்றும் இருக்காது. சூரிய உதயப் படம் போடலாம், நாலு பேர் பூங்கொத்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். “எங்கள் மொட்டைமாடி டியூப்லைட்டுக்கு வரும் அந்துப்பூச்சிகள்” என்று போய்ப் பாருங்கள், கதையே வேறு. பொருள் சின்னதாக இருக்க இருக்கக் கேள்வி தெளிவாகும். கேள்வி தெளிவாக இருந்தால் பதில் சொல்கிறவருக்கும் உற்சாகம் வரும்.

எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், வீட்டை விட்டு வெளியே போகாமல் பார்க்க முடிகிற ஒன்றை எடுங்கள். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வரும் புழுக்கள், எருக்கஞ்செடிக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகள், எதிர்த்த வீட்டு வேப்பமரத்துப் பறவைகள், மழைக்குப் பிறகு தொட்டியில் முளைக்கும் காளான்கள். ஒரு பருவத்துக்கு அது ஒன்று போதும்.

இடங்கள் மூன்று விதம்

முதலாவது, பதிவு வைக்கும் இடங்கள். ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் ஆகியவை இந்த வகை. ஐநேச்சுரலிஸ்ட் 2008-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பின் கடைசியில் செய்த ஒரு வேலையாகத் தொடங்கியது. 2023 முதல் லாப நோக்கமில்லாத தனி அமைப்பாக நடக்கிறது. செடி, பூச்சி, பாம்பு, காளான் எதுவானாலும் அதில் போடலாம். ஈபேர்ட் பறவைக்கு மட்டும். 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் சேர்ந்து தொடங்கியது. இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் நம் நாட்டுக்காக 2008-ல் வந்தது. இங்கெல்லாம் நீங்கள் போட்ட படம் தேதியோடும் ஊரோடும் நிற்கும். பத்து வருஷம் கழித்து ஒருவர் வந்து பெயரைத் திருத்தினாலும் உங்களுக்குத் தகவல் வரும்.

இரண்டாவது, அரட்டை இடங்கள்: வாட்ஸாப், டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்கள். பதில் சீக்கிரம் வரும், சிநேகமும் கிடைக்கும். ஆனால் காலையில் போட்ட படம் சாயங்காலம் எங்கே போனதென்று தேட வேண்டும்.

மூன்றாவது, காட்சிக்கு வைக்கும் இடங்கள்: இன்ஸ்டாகிராம் மாதிரி. படம் அழகாக எடுக்கிறவர்களுக்கு அது சரி. “இது என்ன பூச்சி?” என்று அங்கே கேட்டால் “சூப்பர்க்கா” என்று பதில் வரும்.

பதிவு இடம் ஒன்று, அரட்டை இடம் ஒன்று, இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். முதலில் சேர வேண்டியது பதிவு இடத்தில். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். வாட்ஸாப் குழுவில் சேர்ந்து, மூன்றே நாளில் குட்மார்னிங் மழையில் நனைந்து, “இதெல்லாம் நமக்கு ஒத்து வராது” என்று விட்டுவிடுகிறார்கள்.

சேருவதற்கு முன்னால் வேடிக்கை பாருங்கள்

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் கணக்கே இல்லாமல் எல்லாவற்றையும் பார்க்கலாம். ‘எக்ஸ்ப்ளோர்’ என்ற பக்கத்துக்குப் போய் உங்கள் ஊர்ப் பெயரைக் கொடுங்கள். உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி யாரோ எடுத்த தேன்சிட்டும், பேருந்து நிலையத்தில் ஒருவர் பார்த்த ஓணானும் வரும். என் அக்கா மகள் இதை முதன்முதலில் திறந்து காட்டியபோது நான் பூச்சியைப் பார்க்கவே இல்லை. நம் ஊரிலேயே இதையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிகிற ஆட்கள் இருக்கிறார்களா என்றுதான் பார்த்தேன். “இருக்காங்க சித்தி, உங்கள மாதிரியே கொஞ்சம் பேரு” என்றாள்.

வேடிக்கை பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். யாராவது தப்பான பெயர் போட்டிருந்தால் மற்றவர்கள் அதை எப்படித் திருத்துகிறார்கள்? ஒரு குழுவை எடைபோட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த கறுப்பு வண்ணத்துப்பூச்சியை ஒருவர் ரோஜா அழகி என்று போடுவார். அதே மாதிரி வேஷம் போடும் இன்னொரு இனத்தின் பெண்ணும் உண்டு. ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்பார்கள், அதன் புழு நம் கறிவேப்பிலையில் வளரும். ரோஜா அழகி உடம்பில் நஞ்சு இருப்பதால் பறவைகள் தொடாது, அந்தத் தைரியத்தில் இது அதன் சட்டையைப் போட்டுக்கொள்கிறது. நல்ல இடமாக இருந்தால் ஒருவர் வந்து, “உடம்பின் நிறத்தைப் பாருங்கள், ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பாக இருக்கும், இதற்குக் கறுப்பு” என்று எழுதுவார். சுமாரான இடத்தில் சரியான பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். மோசமான இடத்தில் “இதுகூடத் தெரியாதா” என்பார்கள். எல்லாவற்றையும்விட மோசமான இடத்தில் தப்பான பெயருக்கே முப்பது பேர் கைதட்டியிருப்பார்கள்.

ஒரு வாரம் வேடிக்கை பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

கணக்கு தொடங்கும்போது

இதில் அவசரம் வேண்டாம். முக்கியமாகப் பெண்கள்.

முழுப்பெயர், சொந்தப் படம், பிறந்த தேதி, கைபேசி எண் எதுவும் பொதுவில் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பூச்சியின் பெயரையோ செடியின் பெயரையோ புனைபெயராக வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். முகப்புப் படத்துக்கு ஓர் இலை போதும்.

அடுத்தது வீடு. நாம் பார்க்கும் பூச்சி எல்லாம் வீட்டுச் சுவரில், இரவு ஒன்பது மணிக்கு. அப்படியே போட்டால் உங்கள் வாசற்படி எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் நீங்கள் மாடியில் தனியாக நிற்கிறீர்கள் என்பதை ஊருக்குச் சொன்னதாக ஆகும். ஐநேச்சுரலிஸ்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ‘ஜியோபிரைவசி’ என்ற தேர்வு இருக்கிறது. அதில் ‘அப்ஸ்க்யூர்டு’ என்று வைத்தால் சரியான புள்ளியை மறைத்து, பக்கத்துக்குச் சுமார் 22 கிலோமீட்டர் உள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஓர் இடத்தில் காட்டும். எங்கள் வீட்டுப் பூச்சி வரைபடத்தில் வல்லநாட்டு மலைப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘பிரைவேட்’ என்று வைத்தால் இடமே தெரியாது, ஆனால் அப்படி வைத்தால் அடையாளம் சொல்கிறவர்களுக்குக் கஷ்டம். எந்த ஊர்ப் பக்கம் என்று தெரியாமல் பூச்சியின் பெயர் சொல்வது சிரமமான வேலை. வீட்டுக்கு ‘அப்ஸ்க்யூர்டு’, குளத்தங்கரைக்கும் பூங்காவுக்கும் ‘ஓப்பன்’ என்பது என் வழக்கம்.

ஈபேர்டில் வீட்டிலிருந்து பறவை பார்த்தால் புள்ளியைத் தெருமுனையில் வையுங்கள். இடத்துக்குப் பெயர் கேட்கும்போது கதவு எண்ணைக் கொடுக்காதீர்கள். ‘பாளையங்கோட்டை’ என்று எழுதினால் தாராளம்.

நமக்கு மட்டுமல்ல, உயிர்களுக்கும் மறைப்பு தேவைப்படும். நட்சத்திர ஆமை, தேவாங்கு, ஆந்தைக் கூடு இதெல்லாம் கண்ணில் பட்டால் சந்தோஷத்தில் வாட்ஸாப்பில் இடத்தோடு போட்டுவிடாதீர்கள். பிடித்து விற்கிறவர்களும் குழுக்களில் இருப்பார்கள். அழியும் நிலையில் உள்ள பல இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானே மறைத்துவிடும். வாட்ஸாப் எதையும் மறைக்காது. படத்தை ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் தரம் குறையாது, உண்மைதான். ஆனால் கைபேசி அதற்குள் குறித்து வைத்த இடமும் கூடவே போகும்.

முதல் படம்

வணக்கம் சொல்லி, தன்னை அறிமுகப்படுத்தி, நீளமாக எழுதத் தேவையில்லை. படத்தைப் போடுங்கள், அதுதான் அறிமுகம்.

ஒரு பூச்சிக்கு ஒரு பதிவு. அதே பூச்சியை மூன்று பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் மூன்று படமும் ஒரே பதிவுக்குள் வர வேண்டும். பக்கத்திலிருந்த வேறு பூச்சிக்கு வேறு பதிவு. புதிதாக வருகிறவர்கள் ஒரே பதிவில் ஆறு விதப் பூச்சியை அடுக்கிவிடுவார்கள். அதற்கு யாரும் பெயர் சொல்ல முடியாது.

என்ன எடுப்பது என்பது பொருளைப் பொறுத்தது. அந்துப்பூச்சிக்கு மேலிருந்து நேராக, சிறகின் கோலம் முழுக்கத் தெரிகிற மாதிரி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சிலந்திக்கு முதுகும் முகமும். அதன் கண்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை வைத்துத்தான் குடும்பத்தையே சொல்வார்கள். செடிக்குப் பூவை மட்டும் எடுத்தால் போதாது, இலை தண்டோடு சேரும் இடமும் இலையின் அடிப்பக்கமும் வேண்டும். காளானுக்குக் குடையின் அடியில் கேமராவை நுழைக்க வேண்டும், இதற்குக் கொஞ்சம் படுக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்தால் அளவு தெரியும். நான் இஞ்சுப் பட்டையை வைப்பேன், அது எப்போதும் கழுத்தில்தான் கிடக்கிறது.

பெயர் தெரியாவிட்டாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்ட பதிவுகள் ‘அன்னோன்’ என்ற குவியலில் போய் விழுந்துவிடும், அங்கே பார்க்கிறவர்கள் குறைவு. ‘அந்துப்பூச்சி’, ‘சிலந்தி’, ‘பூக்கும் தாவரம்’ என்கிற அளவுக்காவது தேர்ந்தெடுங்கள். அந்துப்பூச்சிக்காரர்கள் அந்துப்பூச்சிப் பட்டியலைத்தான் மேய்வார்கள், அங்கே நம் படம் இருந்தால்தானே கண்ணில் படும்.

படம் ஏற்றியதும் கணினியே சில பெயர்களைச் சொல்லும். பெரும்பாலும் கெட்டிக்காரத்தனமாகத்தான் சொல்லும். ஆனாலும் முதலில் இருக்கும் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்காதீர்கள். அரளிச் செடியில் வளர்கிற ஓர் அந்துப்பூச்சி உண்டு, நந்தியாவட்டையிலும் வளரும். பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சிறகு, ராணுவச் சட்டைத் துணியை வெட்டி ஒட்டியது போல இருக்கும். டாஃப்னிஸ் நெரியை என்று பெயர். இவ்வளவு எடுப்பாக இருக்கிற பூச்சியைக் கணினி சரியாகவே சொல்லும். பழுப்பு நிறத்தில் அரிசி அளவில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் காட்டினால், அதுவும் ஒரு பெயரை அதே தைரியத்தோடு சொல்லும். அப்போதெல்லாம் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

வளர்த்ததா, தானாக வந்ததா என்று ஒரு கேள்வி இருக்கும். தொட்டிச் செம்பருத்தி நாம் வைத்தது, அதை ‘கல்டிவேட்டட்’ என்று குறிக்க வேண்டும். அந்தச் செம்பருத்தியில் அப்பியிருக்கும் மாவுப்பூச்சியை யாரும் வளர்க்கவில்லை, எனவே அது காட்டுயிர்! எங்கள் மாடியில் காட்டுயிர் ஏராளம்.

பதில் வரும்போதும் வராதபோதும்

பறவைக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சிக்கும் பதில் சில நேரம் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். சின்ன அந்துப்பூச்சிக்கு மாதக்கணக்கில் வராது, வராமலேயே போகவும் போகும். அதற்காக நிபுணர்களின் பெயரை வரிசையாக இழுத்துக் கூப்பிடாதீர்கள். அவர்களும் வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் பார்க்கிறவர்கள்தான்.

ஒரு பதிவில் படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இனத்தின் பெயரில் ஒத்துப்போனால் அதற்கு ‘ரிசர்ச் கிரேடு’ என்ற அந்தஸ்து கிடைக்கும். குறைந்தது இரண்டு பேர் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் போட்ட உரிமம் இடம்கொடுத்தால், அந்தப் பதிவு ஜிபிஃப் என்ற உலகளாவிய தரவுக் களஞ்சியத்துக்குப் போகும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கிருந்து எடுப்பார்கள்.

அதனால்தான் ‘அக்ரீ’ என்ற பொத்தானைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் படத்துக்கு ஒருவர் பெயர் சொன்னதும், நன்றி சொல்வதாக நினைத்து நம் ஆட்கள் அந்தப் பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். பெரியவர் ஒருவர் சிரமப்பட்டுச் சொன்னாரே, ஒத்துக்கொள்ளாவிட்டால் மரியாதையாக இருக்குமா என்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தளம் அதை நன்றி என்று எடுத்துக்கொள்ளாது. “நானும் தனியாகப் பார்த்துச் சரிபார்த்தேன்” என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் ஊகமாகச் சொன்னதும் நீங்கள் மரியாதைக்கு அமுக்கியதும் சேர்ந்து இரண்டு ஓட்டு ஆகிவிட்டது, பதிவுக்கு ‘ரிசர்ச் கிரேடு’ வந்துவிட்டது. உண்மையில் பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் சொன்னது தப்பாக இருந்தால் அந்தத் தப்பு முத்திரையோடு உட்கார்ந்துவிடும், அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நன்றியைக் கருத்துப் பகுதியில் ஒரு வரி எழுதினால் போதும். கூடவே, “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஆசையாக விளக்குவார்கள். அந்த விளக்கத்தைப் படித்து, உங்கள் படத்திலும் அது தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அப்புறம் தாராளமாக அமுக்குங்கள்.

மொழியைப் பற்றிப் பயம் வேண்டாம். அறிவியல் பெயர் எல்லோருக்கும் பொது. கருத்தைத் தமிழில் எழுதினாலும் யாரும் விரட்ட மாட்டார்கள், தமிழ் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். ஐநேச்சுரலிஸ்டில் உயிர்களுக்கு வழக்கில் உள்ள தமிழ்ப் பெயரைச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. ஆச்சிமார் சொன்ன பெயர் தெரிந்தால் சேருங்கள். நாமாகப் பெயர் சூட்டிச் சேர்ப்பது மட்டும் கூடாது.

கொஞ்ச நாளில் உங்களுக்கே சில உயிர்கள் பழகிவிடும். காகம், மைனா, அணில், எருக்கஞ்செடி இதையெல்லாம் தூக்கத்திலும் சொல்வீர்கள். அப்போது மற்றவர்கள் போட்டதைப் போய்ப் பாருங்கள். ‘ஐடென்டிஃபை’ பக்கத்தில் உங்கள் மாவட்டத்தைக் கொடுத்தால், பெயர் சொல்ல ஆளில்லாமல் கிடக்கும் மைனாக்கள் வரிசையாக வரும். மைனாவுக்கு நீங்கள் பெயர் சொன்னால், விவரம் தெரிந்தவர்களுக்கு மைனாவைத் தாண்டி வேறு எதையாவது பார்க்க நேரம் கிடைக்கும். இப்படி இரண்டு மாதம் செய்தால் உங்கள் பூச்சிகளுக்கும் பதில் சீக்கிரம் வருவதைப் பார்ப்பீர்கள். பழகிய ஆளின் படத்தை யாரும் தள்ளிவிட்டுப் போவதில்லை.

பறவைக்காரர்களுக்கு

ஈபேர்டின் கணக்கு வேறு. அங்கே படம் முக்கியமில்லை, பட்டியல்தான் முக்கியம். ஓர் இடத்தில் பதினைந்து நிமிஷம் போல நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். கடைசியில் “அடையாளம் கண்ட எல்லாவற்றையும் பதிந்தீர்களா?” என்று கேட்கும். தெரியாத பறவை இரண்டு விட்டுப்போனாலும் ‘ஆம்’ என்று சொல்லலாம். தெரிந்த காகத்தை ‘இதெல்லாம் எழுதவா’ என்று விட்டுவிட்டு ‘ஆம்’ சொல்லக் கூடாது. காகமும் கணக்கில் வர வேண்டும்.

தொடங்க நல்ல நேரம் பொங்கல். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து ஜனவரியில் நான்கு நாள் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலிலிருந்தே சேரலாம். பிப்ரவரியில் உலகம் முழுக்க இதே மாதிரி நான்கு நாள் கணக்கெடுப்பு உண்டு. எங்கள் பக்கத்தில் நயினார்குளம் இருக்கிறது, கூந்தன்குளமும் ரொம்பத் தூரமில்லை. கூழைக்கடாவும் நாரையும் எண்ணிப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரிய பறவை, அவசரப்பட்டு ஓடாது.

மெர்லின் செயலி சத்தத்தைக் கேட்டே பறவையின் பெயர் சொல்லும். உதவிதான். அது சொன்ன பெயரை, பறவையைப் பார்க்காமலும் நீங்களே குரலைக் கேட்டு உறுதி செய்யாமலும் பட்டியலில் ஏற்றாதீர்கள். ஏற்றினால், அந்த ஊரில் வர வாய்ப்பில்லாத பறவை என்றால், ஒரு மின்னஞ்சல் வரும். “விவரம் தர முடியுமா?” என்று தன்னார்வலர் ஒருவர் கேட்டிருப்பார். சிலர் இதற்குக் கோபித்துக்கொண்டு கணக்கையே மூடியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கேள்வி கேட்கிற இடம்தான் நம்பக்கூடிய இடம்.

வாட்ஸாப் குழுக்கள்

நல்ல குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் விதி இருக்கும், விதியை நடைமுறைப்படுத்தும் அட்மின் இருப்பார். “வாழ்த்து வேண்டாம், ஃபார்வர்டு வேண்டாம், படத்தோடு ஊரும் தேதியும் எழுதவும்” என்று முகப்பிலேயே போட்டிருப்பார்கள். சேர்ந்ததும் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுங்கள். சாயங்காலம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆந்தைக் குஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த படத்துக்கும், கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிட்டு எடுத்த படத்துக்கும் கைதட்டுகிற குழு என்றால் அன்றைக்கே வெளியேறிவிடுங்கள். கூண்டுக் கிளியைப் பெருமையாகப் போடுகிறவர்களும் உண்டு. நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே சட்டப்படி குற்றம், அதைச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும்.

குழுவில் சேர்ந்தால் நம் எண் எல்லோருக்கும் தெரியும். தனியாக “ஹாய் மேம்” என்று சில செய்திகள் வரும். பதில் எழுதாமல் தடுத்துவிடுங்கள், விளக்கம் சொல்லத் தேவையில்லை. பூச்சியைப் பற்றி உண்மையிலேயே சந்தேகம் உள்ளவர் குழுவிலேயே கேட்பார்.

அரட்டைக் குழுவின் உண்மையான லாபம் நேரில் கூடுவது. ஜூலைக் கடைசியில் தேசிய அந்துப்பூச்சி வாரம் வரும், 2012-லிருந்து நடக்கிறது. பெயரில் ‘தேசிய’ என்று இருந்தாலும் இப்போது பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, முன்னால் விளக்கைப் போட்டால் வேலை முடிந்தது. மாடியில் அப்படிச் செய்தபோது அக்கம்பக்கத்தார் ஏதோ படம் போடுகிறார்கள் என்று நாற்காலியோடு வந்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க விளக்கை எரியவிடாதீர்கள். முடிந்ததும் வேட்டியை மெதுவாக உதறி, பூச்சிகளைச் செடிப் பக்கம் அனுப்பிவிடுங்கள். அப்படியே விட்டால் விடிந்ததும் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் வரிசையில் வந்து பந்தி உட்கார்ந்துவிடும்.

ஒத்துவரவில்லை என்றால்

ஒரு பருவம் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஐநேச்சுரலிஸ்ட் கணக்கை அழித்தால் உங்கள் படங்களோடு, மற்றவர்களுக்கு நீங்கள் சொன்ன பெயர்களும் போய்விடும். அழிப்பதற்கு முன்னால் உங்கள் பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். அழிக்காமல் சும்மா விட்டுவைப்பது இன்னும் நல்லது. நான் தேதி, இடம், என்ன செடியில் இருந்தது என்பதைத் தனியாக ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறேன், அளவு நோட்டுக்குப் பக்கத்திலேயே.

படத்தின் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் மாற்றாவிட்டால், பெயர் குறிப்பிட்டு வணிகமல்லாத வேலைக்கு யாரும் பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கும். இது பிடிக்காதவர்கள் அமைப்புகளில் போய் எல்லா உரிமையும் தனக்கே என்று மாற்றலாம். மாற்றினால் படம் ஜிபிஃப் களஞ்சியத்துக்குப் போகாது. நான் மாற்றவில்லை. சுவரில் இருந்த புழுவுக்கு என்ன பெரிய காப்புரிமை!

பட்டியலில் யார் முதலிடம் என்று காட்டும் பக்கங்களைப் பார்க்காதீர்கள். பார்த்தால் பூச்சியை விட்டுவிட்டு எண்ணை விரட்ட ஆரம்பிப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நூறாவது பறவைக்காக மனைவியின் வளைகாப்புக்கே தாமதமாகப் போனார்.

வீட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டால் அவர்களுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுக்காதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட்காரர்களே செய்த ‘சீக்’ என்ற செயலி இருக்கிறது. அதற்குக் கணக்கும் வேண்டாம், பெயரும் வேண்டாம். கேமராவைக் காட்டினாலே செடியோ பூச்சியோ என்னவென்று சொல்ல முயலும். எங்கள் கடைக்குத் துணி கொடுக்க அம்மாவோடு வரும் பிள்ளைகள், அளவு எடுத்து முடிப்பதற்குள் கடைச் சுவரில் இருக்கிற எல்லாவற்றையும் அதில் காட்டிவிடுகிறார்கள். அந்தச் சாம்பல் கூட்டைக் காட்டும்போது மட்டும், பக்கத்தில் தொங்குகிற கம்பளி ஸ்வெட்டரை நான் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.